பாடத் தெரிந்தால் பேராசிரியரா? – வாசகர் கேள்வி-பதில்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இசையை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் பற்றி வந்த கேள்விகள் இந்த முறை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: கர்நாடக இசை பாடிய ஜான் ஹிக்கின்ஸ் பாகவதர் அமெரிக்காவில் பேராசிரியராக இருந்தார் என்கிறார்கள். அங்கேயும் பாட்டுதான் சொல்லிக்கொடுத்தாரா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: பாட்டும் சொல்லிக்கொடுத்தார். ஆனால் அவர் வகித்த பதவிகளைப் பார்த்தால் கதை வேறு. 1939ல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலேயே மூன்று பட்டங்களும் வாங்கினார்: 1962ல் இளங்கலை, 1964ல் முதுகலை, 1973ல் டாக்டர் பட்டம். ஆய்வேட்டின் பொருள் பரதநாட்டியத்தின் இசை. பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பிகளான டி. ரங்கநாதன், டி. விஸ்வநாதன் இருவரிடமும் கற்றவர். அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் நிதியில் சென்னை வந்து தங்கியவர். 1971ல் டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் மிருதங்க வித்வான் திருச்சி சங்கரனோடு சேர்ந்து இந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார். 1978ல் வெஸ்லியனுக்குத் திரும்பியபோது ஏற்றது கலை மையத்தின் இயக்குநர் பொறுப்பு. 1984 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தார்.

முதுகலைக்கும் டாக்டர் பட்டத்துக்கும் நடுவே ஒன்பது வருஷ இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். நம் ஊர் மேடைகளில் ஏறிய பாகவதர் உருவானது அந்த ஒன்பது வருஷத்தில்தான். பல்கலைக்கழகக் கணக்கிலோ அது 'ஆய்வேடு பாக்கி' காலம்.

அமெரிக்க இசைத் துறை ஒன்றில் பல ஜாதிப் பறவைகள் ஒரே கட்டடத்தில் குடியிருக்கும். வயலின், பியானோ, குரல் கற்பிப்பவர்களின் உச்சப் பட்டம் டி.எம்.ஏ. (வாசிப்பு, பாட்டுக்கான டாக்டர் பட்டம்). இசையமைப்பவர்கள் தனி. ஸ்வரங்கள் சேரும் முறையையும் பாட்டின் வடிவத்தையும் அலசுகிறவர்கள் 'தியரி'. பழைய சுவடி, கடிதம், அச்சுப் பிரதி இவற்றை வைத்து வரலாறு எழுதுகிறவர்கள் மியூசிகாலஜி. மக்களோடு தங்கி, கற்று, பேட்டி எடுத்து எழுதுகிறவர்கள் எத்னோமியூசிகாலஜி. கடைசி மூவருக்கும் பிஎச்.டி. வேண்டும். நம்மிடையே 'இசைப் பேராசிரியர்' என்ற ஒரே சொல் இத்தனை பேரையும் சுமப்பதால்தான் குழப்பம்.

கேள்வி: இந்தத் துறை அங்கே எப்போது தொடங்கியது? டாக்டர் பட்டம் இல்லாமல் பேராசிரியர் ஆனவர்கள் உண்டா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: நூறு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. கார்னெல் பல்கலைக்கழகம் 1930ல் ஆட்டோ கின்கெல்டியை இசையியல் பேராசிரியராக நியமித்தது. அமெரிக்காவில் அந்தப் பெயரோடு ஏற்பட்ட முதல் இருக்கை அது. அவர் பட்டம் வாங்கியதோ பெர்லினில். பல்கலைக்கழக நூலகர் பொறுப்பும் அவர் தலையில் இருந்தது. அவரிடம் படித்த ஜே. மர்ரி பார்பர் 1932ல் பெற்றதுதான் அமெரிக்காவில் தரப்பட்ட முதல் இசையியல் டாக்டர் பட்டம். 1934ல் அமெரிக்க இசையியல் சங்கம், 1948ல் அதன் ஆய்விதழ், 1955ல் எத்னோமியூசிகாலஜி சங்கம். நடுவில் ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த குர்ட் சாக்ஸ், ஆல்ஃபிரட் ஐன்ஸ்டைன் (இயற்பியல்காரர் அல்ல, மோட்ஸார்ட் அறிஞர்), மன்ஃப்ரெட் புகோஃப்ஸர் போன்றவர்கள் ஜெர்மன் முறையைக் கையோடு கொண்டுவந்தார்கள். மாணவர்களுக்கு ஜெர்மன் மொழித் தேர்வு இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பதில் அவர்களுக்கும் பங்குண்டு.

பட்டம் இல்லாமல் ஆனவர் என்றால் ஆலிவர் ஸ்ட்ரங்க். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இசைப் பிரிவுக்குத் தலைவராக இருந்துவிட்டு 1937ல் பிரின்ஸ்டனுக்குப் போனார். சங்க இதழின் முதல் ஆசிரியரும் அவரே. இன்று அது நடக்காது. விண்ணப்பத்தில் பட்டம் முடியும் தேதியைக் குறிக்காவிட்டால் முதல் வடிகட்டலிலேயே விழுந்துவிடும்.

சார்ல்ஸ் சீகர் இன்னொரு விதம். 1912லேயே பெர்க்லியில் இசைப் பேராசிரியர். முதல் உலகப் போரை வெளிப்படையாக எதிர்த்ததால் அந்த வேலை நீடிக்கவில்லை. பிறகு அரசு வேலை, அதற்கும் பிறகு கலிஃபோர்னியாவில் இசையைக் கோடாக வரையும் 'மெலோகிராஃப்' கருவி என்று போனார். கருத்துக்காக வேலை போகக் கூடாது என்பதற்குத்தான் பின்னாளில் நிரந்தரப் பணி விதிகள் வந்தன. அதைப் பின்னால் பார்ப்போம்.

கேள்வி: ஹெரால்ட் பவர்ஸ் என்பவர் நம் ராகங்களைப் பற்றி ஆய்வேடு எழுதிவிட்டு ஐரோப்பிய இசைக்கும் ஓபெராவுக்கும் போய்விட்டாராமே. கை கழுவிவிட்டாரா? – வாசகர், திருச்சி

பதில்: கை கழுவவில்லை. ஒரே கேள்வியை வேறு ஊருக்குக் கொண்டுபோனார். இது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

பவர்ஸ் 1928ல் நியூயார்க்கில் பிறந்தவர். சிரக்யூஸில் இளங்கலை, பிரின்ஸ்டனில் முதுநிலை, 1952 முதல் 1954 வரை ஃபுல்பிரைட் நிதியில் இந்தியா. 1959ல் பிரின்ஸ்டன் டாக்டர் பட்டம். ஆய்வேடு தென்னிந்திய ராக முறையின் பின்னணி பற்றியது. ஹார்வர்டில் சில வருஷம், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1973 வரை, பிறகு ஓய்வு பெறும்வரை பிரின்ஸ்டன். 2007ல் மறைந்தார்.

ராகம் படித்தவருக்கு ஒரு சந்தேகம் இயல்பாக வரும்: 'அட்டவணையில் இருப்பதும் பாடுகிறவர் வாயில் இருப்பதும் ஒன்றா?' 72 மேளமும் ஒரு கட்டம் போட்ட தாள். ராகம் அப்படியில்லை. பைரவியும் மாஞ்சியும் ஸ்வரக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுதான், பாடினால் வேறு. பவர்ஸ் இதே சந்தேகத்தோடு 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசையைப் பார்த்தார். அங்கே ஸ்வர அமைப்புகளை 'மோட்' என்று எட்டு வகையாகச் சொல்வார்கள். 1547ல் கிளாரியானஸ் அதைப் பன்னிரண்டாக்கினார். ஒவ்வொரு பாட்டும் ஏதாவது ஒரு மோடில் 'இருக்கிறது' என்றே பலரும் எழுதிவந்தார்கள்.

1981ல் அமெரிக்க இசையியல் சங்க இதழில் வந்த கட்டுரையில் பவர்ஸ் கேட்டது: தாளில் கண்ணுக்குத் தெரிவது என்ன? மூன்றே மூன்று. வரியின் தொடக்கத்தில் பிளாட் குறி (ஸ்வரத்தை அரைப்படி இறக்கும் அடையாளம்) ஒன்று இருக்கிறதா, இல்லையா. குரல்களுக்குப் போட்டிருக்கும் சாவிக் குறிகள் (எந்தக் கோடு எந்த ஸ்வரம் என்று காட்டுபவை) மேல் தொகுதியா, கீழ்த் தொகுதியா. மேல் தொகுதியில் உச்சக் குரலுக்கு இரண்டாம் கோட்டில் ஜி சாவி, கீழ்த் தொகுதியில் முதல் கோட்டில் சி சாவி. மூன்றாவது, கடைசியில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களில் அடி ஸ்வரம் எது. இந்த மூன்றையும் சேர்த்து அவர் 'டோனல் டைப்' என்று பெயர் வைத்தார். இதைக் கண்டுபிடிக்க வாதம் தேவையில்லை, கண் போதும். மோட் என்பது அதன் மேல் ஒட்டும் சீட்டு. இசையமைப்பாளர் வேண்டுமென்றே எட்டு மோடுகளையும் வரிசையாகக் காட்ட நினைத்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு டைப்பைத் தேர்ந்துகொள்வார்.

இதை விட்டுவிட்டால் எங்கே தவறும் என்பதற்கு ஒரு உதாரணம். பிளாட் ஒன்று, முடிவு ஜி. இதை மட்டும் பார்த்தால் இரண்டு பாட்டும் ஒன்றுதான். ஆனால் மேல் சாவி போட்டிருந்தால் அது பெரும்பாலும் முதல் மோடைக் குறிக்க வந்தது; கீழ்ச் சாவி என்றால் இரண்டாவதை. முடிவு ஸ்வரத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் எல்லாரும் இங்கேதான் சறுக்கினார்கள். ஆரோகண அவரோகணம் எழுதிவிட்டால் ராகம் சொல்லியாயிற்று என்று நினைக்கும் அதே சறுக்கல்.

1980ல் 20 தொகுதிகளாக வந்த நியூ குரோவ் கலைக்களஞ்சியத்தில் 'மோட்' என்ற நெடிய பதிவை எழுதியவரும் அவரே. ஐரோப்பா, மேற்காசியா, இந்தியா எல்லாம் அதில் ஒரே கூரையின் கீழ். 1991ல் வில்லியம் ஆஷ்புரூக்கோடு சேர்ந்து புச்சீனியின் கடைசி ஓபெரா பற்றி ஒரு புத்தகம். இப்படி மூன்று துறைகளில் கால் வைப்பது பதவி உறுதியானவருக்குத்தான் கட்டுப்படியாகும். வேலை தேடும் இளைஞர் இதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ள வேண்டாம். விளம்பரம் ஒரே ஒரு துறையைத்தான் கேட்கும்.

கேள்வி: என் மகள் இங்கே பி.ஏ. இசை கடைசி வருடம். வாய்ப்பாட்டில் நல்ல தேர்ச்சி. நேராக அமெரிக்காவில் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாமா? என்னென்ன அனுப்ப வேண்டும்? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அங்கே முதுகலை இல்லாமலும் பிஎச்.டி.யில் சேரலாம். சிக்கல் வேறு இடத்தில். நம் மூன்று வருஷப் பட்டத்தைச் சில பல்கலைக்கழகங்கள் நான்கு வருஷப் பட்டத்துக்குச் சமமாக ஏற்பதில்லை. ஒவ்வொரு பட்டதாரிப் பள்ளியின் விதியையும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கேயே முதுகலை முடித்துவிட்டுப் போனால் அந்தத் தலைவலியும் இல்லை, எழுதிக் காட்டக் கையில் சரக்கும் இருக்கும்.

கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் முதல் வாரத்திலிருந்து ஜனவரி தொடக்கம் வரை. பதில் பிப்ரவரி, மார்ச்சில் வரும். நிதியுதவியோடு இடம் தந்தால் ஏப்ரல் 15க்குள் ஏற்பதா விடுவதா என்று சொல்ல வேண்டும்; அதற்கு முன் நெருக்கக் கூடாது என்று பெரும்பாலான பல்கலைக்கழகங்களிடையே உடன்பாடு உண்டு. அனுப்ப வேண்டியவை: ஒன்றரை, இரண்டு பக்கத்தில் நோக்க அறிக்கை, 15 முதல் 25 பக்கம் வரை எழுத்து மாதிரி, மூன்று பரிந்துரைக் கடிதங்கள், மதிப்பெண் சான்று, டோஃபல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண். ஜி.ஆர்.ஈ. என்ற பொது நுழைவுத் தேர்வைப் பல துறைகள் 2020க்குப் பிறகு கைவிட்டுவிட்டன.

இனி எங்கே கவிழும் என்று பார்ப்போம். 'நான்கு வயதில் ஸரளி வரிசை ஆரம்பித்தேன்' என்று தொடங்கும் நோக்க அறிக்கை. தேர்வுக் குழு அதைக் கச்சேரி விளம்பரமாகத்தான் படிக்கும். அவர்களுக்கு வேண்டியது 'இதுவரை யாரும் சரியாகப் பதில் சொல்லாத கேள்வி இது, இதற்கு இந்த ஆவணங்களைப் பார்க்கப் போகிறேன், உங்கள் துறையில் இன்னார் இருப்பதால் இங்கே வருகிறேன்' என்பது. அந்த இன்னார் அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிறவரா, புதிய மாணவர்களை எடுக்கிறாரா என்று ஆகஸ்டிலேயே நாலு வரி மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிட வேண்டும்.

அடுத்தது கடிதம். குருநாதர் 'அபார சாரீரம்' என்று எழுதித் தருவார். மகிழ்ச்சிதான், ஆனால் மூன்றில் இரண்டு கடிதமாவது அவள் எழுதியதைப் படித்துத் திருத்தியவர்களிடமிருந்து வர வேண்டும்.

எழுத்து மாதிரிதான் எல்லாவற்றிலும் கனமானது. 'கர்நாடக இசையின் வரலாறு' என்று 20 பக்கம் எழுதினால் வேலைக்காகாது. ஒரு உதாரணம் சொல்கிறோம்: சுப்பராம தீட்சிதர் 1904ல் எட்டயபுரத்தில் வெளியிட்ட பெரும் தொகுப்பில் உள்ள ஒரே ஒரு உருப்படியை எடுத்து, அதில் கமகக் குறிகள் எந்த ஸ்வரத்தில் விழுகின்றன, பிற்கால அச்சுப் பதிப்பில் எவை மறைந்தன, அதனால் எந்தப் பிரயோகம் காணாமல் போனது என்று வரி வரியாகக் காட்டினால் அது ஆய்வு. ஜூன் மாதம் தொடங்கினால் அக்டோபருக்குள் இரண்டு முறையாவது திருத்தி எழுத நேரம் கிடைக்கும்.

கேள்வி: சேர்ந்தபின் எத்தனை வருஷம்? நடுவில் என்ன தேர்வுகள்? உதவித்தொகை வாழப் போதுமா? – வாசகர், மதுரை

பதில்: ஐந்து முதல் ஏழு வருஷம். நல்ல நிதியுள்ள துறைகளில் கல்விக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, மாதச் செலவுக்கு உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு மூன்றும் சேர்ந்து ஐந்து வருஷத்துக்கு எழுத்தில் வரும். ஒருவர் சிக்கனமாக இருக்கலாம். குடும்பத்தோடு என்றால் கஷ்டம். கட்டணத்தில் கால்வாசியாவது நாமே கட்ட வேண்டும் என்று வரும் இடத்தை ஒப்புக்கொள்ளவே வேண்டாம்.

முதல் இரண்டு வருஷம் வகுப்பு. பருவத்துக்கு மூன்று அல்லது நான்கு பாடம், ஒவ்வொன்றின் முடிவிலும் 20 பக்கம் தாண்டும் கட்டுரை. கூடவே மொழித் தேர்வு: அகராதியை வைத்துக்கொண்டு ஒரு பக்க உரைநடையை மொழிபெயர்ப்பது. ஐரோப்பிய இசை என்றால் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், லத்தீன் இவற்றில் குறைந்தது இரண்டு. எத்னோமியூசிகாலஜியில் களத்தின் மொழியைக் கணக்கில் எடுப்பார்கள். தமிழைத் தேர்ந்தெடுக்கும் அமெரிக்க மாணவர்களை அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் உங்கள் மதுரைக்குத்தான் அனுப்புகிறது. அதன் தமிழ்ப் பயிற்சி அங்கே நடக்கிறது.

மூன்றாம் வருஷம் பொதுத் தேர்வு. சில நாள் எழுத்து, பிறகு வாய்மொழி. அது முடிந்ததும் 15, 20 பக்கத்தில் ஆய்வுத் திட்டம். அதைக் குழு ஏற்றுக்கொண்டால் 'ஆய்வேடு மட்டும் பாக்கி' என்ற நிலை. பலர் சிக்கிக்கொள்வதும் இங்கேதான். வகுப்பு கிடையாது, கேட்பார் கிடையாது. ஐந்தாம் வருஷம் பணம் நின்றதும் வேறு கல்லூரியில் பகுதி நேரமாகப் பாடம் எடுக்கப் போவார்கள், எழுத்து படுத்துவிடும்.

களப்பணிக்கு முன் இரண்டு காகிதம். மனிதர்களைப் பேட்டி எடுக்கும் ஆய்வைப் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவுக்கு முன்கூட்டியே காட்ட வேண்டும். எடுத்து முடித்தபின் அனுமதி கேட்டால் அந்தப் பேட்டிகளைப் பயன்படுத்த முடியாமல் போகலாம். இந்தியாவுக்கு வருகிற அமெரிக்கருக்கு ஆராய்ச்சி விசா வேண்டும், சுற்றுலா விசாவில் வந்து ஆய்வு நடத்தக் கூடாது. அதற்கு இங்கே ஒரு நிறுவன இணைப்பும் காட்ட வேண்டும்; அந்த வேலைக்கே மாதக்கணக்கில் ஆகும்.

ஒலிப்பதிவில் ஒரு சின்ன விஷயம், ஆனால் பலருடைய வருஷ உழைப்பைக் கெடுத்தது. கருவியில் ஒலியளவைத் தானாகச் சரிசெய்யும் வசதி இருக்கும்; அதை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மிருதங்கத்தில் பலமாக ஒரு அடி விழுந்ததும் கருவி எல்லாவற்றையும் தாழ்த்தும், பாடுகிறவர் குரல் ஒரு கணம் அமுங்கி மறுபடி எழும்பும். அப்புறம் கமகத்தை அளக்கவே முடியாது. அதிகபட்ச ஒலி மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கும்படி கையால் வைத்துக்கொள்ளுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி. அன்றிரவே மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். தொடக்கத்தில் தேதி, இடம், பாடுகிறவர் பெயர், அவர் சம்மதம் நான்கையும் குரலாகவே பதிந்துவிடுங்கள். தாள் தொலையும், கோப்பின் பெயர் மாறும், குரல் ஒலியோடேயே போகும்.

கேள்வி: பட்டம் வாங்கியவர்களுக்கெல்லாம் வேலை கிடைக்கிறதா? – வாசகர், சேலம்

பதில்: இல்லை. பட்டம் பெறுகிறவர்கள் தொகை நிரந்தரப் பாதை வேலைகளைவிட அதிகம். ஒரு இடத்துக்கு நூறு விண்ணப்பத்துக்கு மேல் வருவது சாதாரணம்.

விளம்பரங்கள் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும். இரண்டு பக்கக் கடிதம், தன்விவரம், ஆய்வேட்டின் ஒரு அத்தியாயம், கற்பித்தல் பற்றிய அறிக்கை, பரிந்துரைகள். பத்துப் பன்னிரண்டு பேரை அரை மணி நேரம் காணொளியில் பார்ப்பார்கள். மூன்று பேரை நேரில் அழைப்பார்கள். அந்த இரண்டு நாளும் காலைச் சிற்றுண்டியிலிருந்து இரவுச் சாப்பாடு வரை நேர்முகத் தேர்வுதான். 45 நிமிட ஆய்வுரை, ஒரு மாதிரி வகுப்பு, டீனோடு சந்திப்பு, மாணவர்களோடு மதிய உணவு. உரை 55 நிமிடம் ஆகிவிட்டால் கேள்விக்கு நேரம் போய்விடும். நல்ல ஆய்வாளர்களும் அதில் தோற்றிருக்கிறார்கள். மாதிரி வகுப்பில் சொந்த ஆய்வையே மறுபடி பாடுவது இன்னொரு தப்பு. ஸ்வரக் குறி வாசிக்கத் தெரியாத 18 வயதுப் பிள்ளைக்குச் சொல்லித் தர முடியுமா என்று பார்க்கத்தான் அந்த வகுப்பு.

வெளிநாட்டவருக்குக் கூடுதல் கடிகாரம் ஒன்று ஓடும். படிப்பு முடிந்தபின் எஃப்-1 மாணவர் விசாவில் வேலை செய்ய 12 மாதம். அறிவியல், பொறியியல்காரர்களுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு இசையியலுக்கு இல்லை. பல்கலைக்கழகங்கள் எச்-1பி வேலை விசாவின் வருடாந்தர உச்சவரம்புக்குள் வராது என்பது ஒரே ஆறுதல்.

கேள்வி: 'டென்யூர்' (நிரந்தரப் பணி) என்கிறார்களே, அரசு வேலை மாதிரியா? ஆறு வருஷம் கழித்து வீட்டுக்கு அனுப்புவார்களாமே? – வாசகி, காரைக்குடி

பதில்: இரண்டும் சரி. உதவிப் பேராசிரியராகச் சேர்கிறவருக்குச் சோதனைக் காலம் ஏழு வருஷத்தைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சங்கத்தின் 1940 அறிக்கை சொல்கிறது. அதனால் மூன்றாம் வருஷம் ஒரு பரிசீலனை, ஆறாம் வருஷம் முடிவு. கிடைத்தால் இணைப் பேராசிரியர்; காரணம் காட்டி விசாரிக்காமல் எடுக்க முடியாது. கிடைக்காவிட்டால் இன்னும் ஒரே ஒரு வருஷம், பிறகு பெட்டி கட்ட வேண்டியதுதான்.

ஆறாம் வருஷம் தொடங்கும் முன் கோடையிலேயே கோப்பு போய்விடும். வெளிப் பல்கலைக்கழக அறிஞர்கள் பலருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். யார் யாருக்குப் போயிற்று என்று விண்ணப்பித்தவருக்குப் பெரும்பாலும் தெரியாது. துறை வாக்கு, டீன், பல்கலைக்கழகக் குழு, அறங்காவலர் என்று படி ஏறி வசந்த காலத்தில் முடிவு வரும்.

ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களில் கேட்பது ஒரு புத்தகம். கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். புத்தகம் ஆறாம் வருஷத் தொடக்கத்தில் கையில் இருக்க வேண்டும். அச்சகத்தில் தயாரிப்புக்கு ஒரு வருஷம். அதற்கு முன் இரண்டு மதிப்பீட்டாளர்கள் படிக்க மூன்று, நான்கு மாதம். அவர்கள் சொன்னதைத் திருத்த ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம். பதிப்புக் குழு கூடி ஒப்புக்கொள்ள இன்னும் சில மாதம். ஆக முழுப் பிரதி மூன்றாம் வருஷ முடிவில் பதிப்பகத்தின் மேஜையில் இருந்தால்தான் நிம்மதி. 'இன்னும் ஒரு களப்பயணம் போய்விட்டு' என்று தள்ளுகிறவர்கள்தான் ஐந்தாம் வருஷம் வெறும் ஒப்பந்தக் கடிதத்தோடு நிற்பார்கள்.

எண்ணிக்கையில் சேராதவையும் உண்டு. நூல் மதிப்புரைக்குக் கிட்டத்தட்ட மதிப்பில்லை. தொகுத்த நூலுக்கு அரை மதிப்பு. துறைக்காகக் கச்சேரி ஏற்பாடு செய்வது, வாத்தியங்களைப் பராமரிப்பது, விழா நடத்துவது எல்லாம் 'சேவை' என்ற ஒற்றைத் தலைப்பில் அடங்கிவிடும். நம் இசையைக் கற்பிக்கும் இளம் ஆசிரியர் தலையில் ஊர் இந்தியச் சங்கங்களின் வேலையும் சேர்ந்துகொள்ளும். முடியாது என்று சொல்லக் கற்றுக்கொள்ளாதவர் பாடு திண்டாட்டம்.

கேள்வி: இசை ஆய்வுப் புத்தகத்தில் ஸ்வரக் குறியீடு, படம் போட யாருடைய அனுமதி வேண்டும்? செலவு யாருடையது? – வாசகர், சென்னை

பதில்: செலவு பெரும்பாலும் எழுதினவருடையது, பதிப்பகத்தினுடையது அல்ல. அமெரிக்கச் சட்டத்தில், 1978க்கு முன் அங்கே வெளியாகி முறைப்படி உரிமை காக்கப்பட்ட நூலுக்கும் இசைக்கும் 95 ஆண்டு. ஒலிப்பதிவுக்கு 2018ஆம் ஆண்டுச் சட்டம் வேறு கணக்கு வைத்திருக்கிறது. 1923க்கு முந்தைய பதிவுகள் 2022 ஜனவரியில் பொதுச் சொத்தாயின. தியாகராஜர் கிருதிக்கு உரிமை கேட்க ஆளில்லை. ஆனால் சமீப காலத்தில் ஒருவர் ஸ்வரப்படுத்தி அச்சிட்ட பக்கத்தைப் படமெடுத்துப் போட்டால் அவரிடமோ வாரிசிடமோ எழுத்தில் அனுமதி வேண்டும். அந்தப் பழைய கிருதியைக் காதால் கேட்டு நீங்களே எழுதிய குறியீட்டுக்கு அந்த வம்பு கிடையாது. அனுமதிக் கடிதங்களை எழுத்து முடிந்தபின் தேடாதீர்கள். உதாரணத்தைத் தேர்ந்தெடுக்கும் அன்றே எழுதிக் கேளுங்கள். மறுத்துவிட்டால் அத்தியாயமே மாற வேண்டியிருக்கும்.

இன்னொன்று. ஸ்வரக் குறியீடு எழுத உதவும் ஃபினாலே மென்பொருளை அதன் நிறுவனம் 2024ல் நிறுத்திவிட்டது. அதில் பத்து வருஷம் குறியீடு எழுதி வைத்தவர்கள் இப்போதே பிற மென்பொருள்களும் படிக்கும் மியூசிக்-எக்ஸ்எம்எல் வடிவில் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. மாற்றும்போது கமகத்துக்காகக் கையால் வரைந்த வளைவுகள் உதிர்ந்துவிடும். ஒவ்வொன்றையும் அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: அங்கே பேராசிரியர்களுக்கு ஓய்வு வயது எத்தனை? – வாசகர், ஈரோடு

பதில்: கிடையாது. 1994லிருந்து வயதைக் காட்டி அனுப்ப முடியாது. அதனால் காலியிடமும் மெதுவாகத்தான் வரும்.

கேள்வி: கர்நாடக இசை பற்றிய பழைய அமெரிக்க ஆய்வேடுகளை இங்கிருந்தே படிக்க முடியுமா? – வாசகி, புதுச்சேரி

பதில்: முடியும். மிருதங்கம் பற்றி ராபர்ட் பிரவுன் 1965ல் லாஸ் ஏஞ்சலஸில் தந்தது, ராக ஆலாபனை பற்றி டி. விஸ்வநாதன் 1975ல் வெஸ்லியனில் தந்தது, மேலே சொன்ன பவர்ஸும் ஹிக்கின்ஸும் எழுதியவை, நான்குமே தேடத் தக்கவை. முதலில் அந்தந்தப் பல்கலைக்கழக நூலகத்தின் மின்களஞ்சியத்தில் பாருங்கள். அங்கே இல்லையென்றால் ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் புரோக்வெஸ்ட் தரவுத்தளம். சந்தா கட்டும் பல்கலைக்கழக நூலகத்தின் கணினியில் உட்கார்ந்து இறக்கிக்கொள்ளலாம். தேடும்போது பெயர்களை ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். மிருதங்கத்தை அந்தக் காலத்தில் 'ம'வுக்கும் 'த'வுக்கும் நடுவே உயிரெழுத்து இல்லாமல், 'ர'வுக்குக் கீழே புள்ளி வைத்து எழுதுவார்கள். நாம் இன்று எழுதுகிற மாதிரி தட்டினால் பிரவுனின் ஆய்வேடு வராமல் போகலாம்.